கம்புக்கு இந்தப் பக்கம்

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் வெட்கப்பட்டதில்லை. நீச்சல் தெரியாதவன் தண்ணீரில் சாவது குறைவு, ஏனென்றால் அவன் தண்ணீரில் இறங்குவதே இல்லை. தொழிற்சாலைப் பயிற்சி வகுப்பில் இதைச் சொல்வேன். முன்வரிசையில் யாராவது கொட்டாவி விடுவார்.

நான் பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடு, கையுறை மாட்டு, ஏணியைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள் என்று நாள் முழுக்கக் கரடியாகக் கத்துவதுதான் வேலை. அங்கே எனக்குப் பெயர் 'அபாயம்'. கேன்டீனுக்குள் நுழைந்தால், "அபாயம் வருது, வாயை மூடிக்கிட்டு சாப்பிடு" என்பார்கள். என் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு. அதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். நான் ஒழுங்காக வேலை பார்த்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காவிட்டால், இந்த ஆள் எதற்கு என்று கேட்பார்கள்.

வீட்டிலும் அதே கதைதான், தெருவிலும் அதே பெயர்தான். பெரிய மழை வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கு எதிரே இருக்கும் சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்துவிட்டால் கொஞ்சம் வடியும். வருடாவருடம் அதை நான்தான் செய்வேன். தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும்போதே கடப்பாரையால் மூடியை நெம்பித் தள்ளிவிட்டு, குழிக்கு இந்தப் பக்கம், அதாவது எங்கள் வாசல் பக்கம், ஒரு கம்பை வைப்பேன். பழைய பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி நட்ட கம்பு. நுனியில் சிவப்புத் துணி. அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பது தெரு முழுக்கத் தெரியும்.

இந்த முறை தண்ணீர் நெஞ்சளவு ஏறிவிட்டது. எல்லோரும் மாடிக்குப் போய்விட்டோம். என் மனைவியின் தம்பி மட்டும் தண்ணீரில் குதித்தான்.

அவன் ஏசி மெக்கானிக். எங்களோடுதான் இருக்கிறான். இருந்தான். நன்றாக நீந்துவான், அதை நான் மறுக்கவில்லை. வாசலிலிருந்து கம்பு வரைக்கும் நீந்துவான். கம்புக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது நின்று, காலை ஊன்றி எழுந்து, மாடிகளில் நிற்பவர்களைப் பார்த்துக் கும்பிடு போடுவான். எல்லோரும் கைதட்டுவார்கள். என் மனைவியும்தான்.

நான் சொன்னேன். தண்ணீருக்குள் மின்கம்பி கிடக்கும், உடைந்த கண்ணாடி கிடக்கும், பாம்பு வரும், கழிவுநீர் வாய்க்குள் போனால் ஒரு மாதம் படுக்கைதான். மேலே பார்த்தால் குளம் மாதிரி அசையாமல் இருக்கும், அடியில் குழி ஆளை இழுக்கும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேல் போக வேண்டியதே இல்லை, இடுப்பளவு போதும். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. தொழிற்சாலை விசில் என் கழுத்தில் தொங்கியது. அதை ஊதினேன். அடுத்த தடவை அவன் இரண்டு விரலை வாயில் வைத்து என்னைப் போலவே ஊதிக் காட்டினான். சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் தெருவே சிரித்தது.

அதோடு நின்றிருந்தால் சரி. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மருந்தைத் தலையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தான். "உங்க மச்சினன் தங்கம்ங்க" என்று அந்த அம்மா என்னிடமே சொன்னாள். அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஈரச் சட்டையைக் கழற்றி என் கம்பின்மேல் காயப் போட்டான்.

மனைவியிடம் சொன்னேன், "உன் தம்பியைக் கொஞ்சம் கண்டிச்சு வை."

"என்னங்க நீங்க? அவன் இருக்கறதாலதான் இந்த வீட்டுல கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேக்குது" என்றாள்.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். கோபம் இல்லை. அலுப்பு. இருபது வருடமாக ஒரே ஆளிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பட்டால்தான் புத்தி வரும் என்பது நான் கண்டுபிடித்ததில்லை. சின்னதாக ஒன்று நடக்க வேண்டும் என்று நினைத்தேன். கால் வழுக்க வேண்டும், பயம் வர வேண்டும், அடுத்த மழைக்கு நான் விசில் ஊதினால் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலையில், மற்றவர்கள் எழுவதற்கு முன், வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளத்தில் இறங்கினேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டேன். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை வாசல் கேட்டில் முடிந்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டித் தட்டிக் குழியின் விளிம்பைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் கட்டையைப் பிடுங்கப் பார்த்தது. அதனால் நன்றாகச் சுற்றிப் போனேன். குழிக்கு இந்தப் பக்கம் இருந்த கம்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். கம்பை நான் எடுத்துவிடவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துவிடுவது பொறுப்பற்ற வேலை.

காலையில் அவன் மாடிப்படி இறங்கும்போது நான் கடைசியாக ஒருமுறை சொன்னேன். "வேண்டாம்ப்பா. குழி திறந்து கிடக்கு."

"நீங்க கம்பு வெச்சிருக்கீங்கல்ல மாமா? அப்புறம் எனக்கென்ன பயம்?" என்றான்.

எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். கேலி செய்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவன் சிரிக்கவில்லை.

நான் மாடியில் நின்றேன். விசில் கழுத்தில்தான் இருந்தது. அவன் வாசலிலிருந்து பாய்ந்தான், கம்பைப் பார்த்தபடி நீந்தினான், ஒரு கை தூரத்தில் நின்று காலைக் கீழே விட்டான். கும்பிடக் கையைத் தூக்கினான். சிலர் அவசரப்பட்டுக் கைதட்டிவிட்டார்கள். கை இரண்டும் கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு நிம்மதி வந்தது. கடைசியில் ஒன்று நடந்துவிட்டது.

என் மனைவி அலறினாள். நான் கீழே ஓடினேன். ஓடவில்லை, ஈரப் படியில் ஓடக்கூடாது, வேகமாக நடந்தேன். பூட்ஸ் போட்டேன். கயிற்றை இடுப்பில் கட்டினேன். "அபாயமே எறங்கிட்டாருடா" என்று யாரோ மாடியிலிருந்து கத்தினார்கள். அந்தத் தெருவில் என்னை ஒருவர் மரியாதையோடு பார்த்தது அன்றைக்குத்தான்.

நேராகக் குழியைச் சுற்றிப் போய் முதலில் கம்பைத் தூக்கினேன். அது இருக்க வேண்டிய இடத்தில், இந்தப் பக்கம், வைத்தேன். அவனைத் தேடி இன்னும் நாலு பேர் குதிப்பார்கள், அவர்களுக்குக் குழி எங்கே என்று தெரிய வேண்டாமா? தலை நிமிர்ந்தபோது என் மனைவி மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் போன இடத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

கைகள் தெரிந்தபோதே கயிற்றை ஏன் எறியவில்லை என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வகுப்பில் கொட்டாவி விடுகிறவர்களும் இப்படித்தான், கவனிக்காமல் கேட்பார்கள். வீட்டில் கயிறு ஒன்றுதான் இருந்தது. அதை அவனிடம் எறிந்துவிட்டால் கம்பை எடுத்து வைக்க நான் எப்படி இறங்குவது? அந்தத் தண்ணீரில் கயிறு இல்லாமல் இறங்குவது ஆபத்து.