உயிரோடு இருக்கும்போதே மாட்டிய படம்

இந்த மேடைக்குத் தலைமை ஏற்று, மைக் சத்தம் கூடும்போதெல்லாம் ஒரு காதைப் பொத்திக்கொள்ளும் எங்கள் வார்டு மெம்பர் சரஸ்வதியம்மாள் அவர்களே! சட்டைப் பையில் சாவியோடு அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் ஹரிநாராயணன் அவர்களே! முன்வரிசை காலியாகக் கிடந்தும் கடைசியில் போய் நிற்கும் பெரியோர்களே! தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலை முடித்து, மண்வெட்டியோடு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்குள் வந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று பைக் மேலேயே உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே! வாளையார் செக்போஸ்ட் வரிசையில் லாரியை நிறுத்திவிட்டு, என்ன கூட்டம் என்று எட்டிப் பார்க்கும் டிரைவர் அண்ணன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கருவேலம்பதியின் வணக்கம்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். லாரியின் பின்பக்கத்தில் எழுத்து எழுதுகிறவன். ‘ஒலி எழுப்பு’, ‘தூரம் விடு’. நான் எழுதுவது அவ்வளவுதான். ஆகவே என் பேச்சிலும் வளைவு நெளிவு குறைவாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் ஒலி எழுப்புங்கள்.

அதோ, எதிரே நிற்கிறதே, அது என்ன கட்டடம்? சொல்லுங்கள். ஆமாம், பழைய பால் சொசைட்டி. சொசைட்டி புதுக் கட்டடத்துக்குப் போய் எட்டு வருடம். எட்டு வருடமாக உள்ளே குடியிருந்தது யார்? பல்லி, பாம்பு, பழைய கேன். நாங்கள் ஆறு பேர் கூட்டினோம், கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம். கடைவீதி சைனுதீன் அண்ணனின் மகள் யாஸ்மின் வரைந்த, உழைக்கும் ஊர்க்காரர் பன்னிரண்டு பேரின் முகப் படங்களை மாட்டினோம். இந்த ஊரின் முதல் ஓவியக் கண்காட்சி. பஞ்சாயத்து ஏழு நாளைக்கு இடம் கொடுத்தது. இன்று ஏழாம் நாள்; கட்டடத்தைப் பூட்டிச் சாவியைத் தலைவர் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. கூடி, இந்தக் கட்டடத்தை ஒரு கான்ட்ராக்டருக்குச் சிமென்ட் மூட்டை அடுக்கக் கொடுக்கலாமா என்று பேசப்போகிறது. இதுதான் விஷயம். இதற்குத்தான் இந்த மேடை.

முதல் நாள் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? யாருமில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஜன்னலில் நின்றார்கள். ‘உள்ளே வாங்க’ என்றால், ‘பரவால்லைங்க, இங்கிருந்தே தெரியுதுங்க’ என்றார்கள். ஏன் ஜன்னல்? ஏனென்றால் இந்த ஊர் முப்பது வருடம் அந்த ஜன்னலில் நின்றுதான் பால் ஊற்றியது. பால் உள்ளே போகும். மாடு வளர்த்தவள் வெளியே நிற்பாள். அதிலும் கிழக்குத் தெருக்காரர்களின் கேன் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தார்கள். பாலுக்குச் சாதி கிடையாது, கேனுக்கு இருந்தது. என்ன தலைவரே, தலையைக் குனிகிறீர்கள்? நீங்கள் தெளித்ததாக நான் சொல்லவில்லை. தெளித்ததைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலை வேலந்தாவளம் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கையில் பெரிய சம்பங்கி மாலை. இறங்கும்போதே ஒப்பாரி. ஜன்னலில் நிற்கவில்லை, நேராக உள்ளே போனாள், கிழக்குத் தெரு மருதாத்தாள் படத்துக்கு மாலையைப் போட்டாள், கீழே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

சிரிக்காதீர்கள். தப்பு எங்களுடையது. படத்துக்குச் சட்டம் போட்டோம். மேலே ஒரு சின்ன பல்பு போட்டோம். கீழே பெயர் எழுதினோம், பிறந்த வருடம் எழுதினோம். நம் ஊரில் சுவரில் சட்டத்துக்குள் முகம், மேலே பல்பு, கீழே வருடம் என்றால் என்ன அர்த்தம்? ஆங், தாய்மார்கள் சரியாகச் சொல்கிறீர்கள். அதை யாரோ போனில் பிடித்து அனுப்பிவிட்டார்கள். மருதாத்தாளின் அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த நேரத்தில் மருதாத்தாள் எங்கே? கட்டடத்துக்குப் பின்னால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்தார். பழக்கம் பாருங்கள், அப்போதும் ஜன்னலுக்குத்தான் வந்தார். “ஏண்டி, ஆரு செத்தா?” என்று கேட்டார்.

“நீங்கதானுங்க அத்தை” என்றாள் அவள், நிமிராமலே.

நிமிர்ந்த பிறகு நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. வாசலில் நின்ற மூன்று பேர் ஓடியே போனார்கள். மருதாத்தாள் மட்டும் முதல்முறையாக அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டினார். முப்பது வருடம் பால் ஊற்றியவரை உள்ளே கொண்டுவர அவருடைய சாவுச் செய்தி தேவைப்பட்டிருக்கிறது.

“ஏனம்மிணி, உசுரோட இருக்கறப்பவே மாட்டிப்போட்டியே” என்று யாஸ்மினைப் பிடித்துக்கொண்டார். யாஸ்மின், இப்போதே கழட்டிவிடுகிறேன் என்று ஸ்டூலில் ஏறிவிட்டாள். மருதாத்தாள் மாலையைப் பிடுங்கினார். பிய்த்து எறிவார் என்று பார்த்தோம். எறியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்துச் சுருக்கத்தைப் பார்த்தார். கேன் தூக்கித் தூக்கிச் சாய்ந்துபோன வலது தோளைப் பார்த்தார். பிறகு, மூக்குத்தி எங்கே என்று கேட்டார். யாஸ்மின் தூரிகையை எடுத்து, மஞ்சளில் ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.

அப்போது அவர் சொன்னதைத்தான் நான் அன்றிலிருந்து சுமந்து திரிகிறேன். “கழட்டாத கண்ணு. செத்தப்புறம் மாட்டுனா நானெப்படிப் பாக்கறது?”

கேட்டீர்களா? இந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது? இந்த ஊரில் யார் முகம் சுவரில் இருக்கிறது? செத்தவர்கள் முகம் இருக்கிறது. இந்தப் பக்கமே வராத தலைவர்களின் முகம் நான்கு முக்கிலும் ஃப்ளெக்ஸில் இருக்கிறது. உழைக்கிறவர் முகம் எங்கே இருக்கிறது? தாய்மார்களே, தொழிலுறப்பில் உங்களைக் காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ எடுக்கிறார்களே, எதற்கு? ஆள் வந்தாளா என்று எண்ணத்தான். முகத்தைப் பார்க்கவா எடுக்கிறார்கள்?

அன்றிலிருந்து ஜன்னலில் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் வாசல் வழியாக வந்தார்கள். என் முகம் ஏன் இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். ஓலை முடைகிறவர் ஓலை கொண்டுவந்தார். டெய்லர் அக்கா துண்டுத் துணிகளை ஒட்டி ஒரு மயில் செய்தார். தலைவர்கூட வந்து, தம் படம் எங்கே என்று விசாரித்தார். உங்களுக்கு நான்கு முக்கு இருக்கிறது தலைவரே, இந்த ஒரு சுவரை விட்டுக்கொடுங்கள் என்றேன். பாருங்கள், இப்போதும் சிரிக்கிறார். சிரிக்கத் தெரிந்தவர், நல்லவர்.

ஆனால் நல்லவர்களே, சிமென்ட் மூட்டைக்கு நனையாத இடம் வேண்டும், சரி. மனுசிக்கு வேண்டாமா? மூட்டை கெட்டிப்பட்டால் நஷ்டம் என்று தெரிகிற கமிட்டிக்கு, மனசு கெட்டிப்பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதா?

என்ன தலைவரே? மைக்கில் சொல்லுங்கள். ‘கமிட்டி தீருமானம் வேணுமே’ என்கிறார். வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கும் மருதாத்தாள் மேடையேற மாட்டேன் என்று சொல்லி, என்னிடம் ஒரு செய்தி கொடுத்திருக்கிறார். அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்: “பூட்டறதுன்னா என்னையும் உள்ள வெச்சுப் பூட்டச் சொல்லு. எம் படத்துக்குத் தொணை வேணுமல்லோ.”

கை தட்டாதீர்கள். அவர் எழுந்துவிட்டார். வழி விடுங்கள். மண்வெட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் அக்கா. வருகிறார். தலைவர் பக்கம் கை நீட்டுகிறார். தலைவரே, அந்தக் கையைப் பாருங்கள். முப்பது வருடம் ஜன்னல் வழியாகக் கேனை நீட்டிய கை அது. காலிக் கேனையும் பால் காசையும் தவிர, ஒரு தடவைகூட அதற்குள் யாரும் எதையும் வைத்ததில்லை.

சாவியை எடுத்துவிட்டார். கொடுத்துவிட்டார்.

‘திங்கட்கிழமை வரைக்கும்’ என்கிறார். ஆகட்டும் தலைவரே. ஆனால் திங்கட்கிழமை கமிட்டியைப் பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டாதீர்கள், இங்கே கூட்டுங்கள். பன்னிரண்டு பேர் சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவர்கள் முகத்துக்கு நேராக, சிமென்ட்டுக்கு யார் கை தூக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

காது பொத்திய தலைவி அவர்களுக்கும், சாவி தந்த தலைவருக்கும், தூரம் விடாமல் நெருங்கி உட்கார்ந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. மருதாத்தாள் கதவைத் திறந்துவிட்டார். என் பேச்சு போதும். உள்ளே போங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், மாலை கொண்டுவர வேண்டாம். வாசல் வழியாகப் போங்கள். வணக்கம்.