மாலைக்கு நீட்டிய கழுத்து

ரூபேந்திரனை இந்த சிம்பாங் ரெங்கம் ஊரில் முதலில் கண்டுபிடித்தவனே நான்தான், இன்ஸ்பெக்டர் தம்பி. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் உரக்கடைகளுக்கு விளம்பரப் பொம்மை செய்துகொண்டிருந்தான். தமிழ் மன்றத் தலைவர் என்ற முறையில் என் கடைவீட்டின் கீழ்த்தளத்தை அவனுக்குப் பட்டறையாகக் கொடுத்தேன்.

அவன் செய்ததெல்லாம் கிண்டல் சிலைகள். இரண்டு நாக்கு வைத்த அரசியல்வாதி, கைபேசிக்குப் பாலாபிஷேகம் செய்யும் சாமியார். வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு இதெல்லாம் கலை. ஆனாலும் மன்றத்தில் கண்காட்சி வைத்தேன். பெரிய சிலையின் திரையை நானே விலக்கினேன்.

நாற்காலியோடு ஒட்டிப்போன ஒரு ஆள். மாலை வாங்குவதற்காகக் கழுத்து மட்டும் இரண்டடி நீண்டு குனிந்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது, பழைய தலைவர் ஹேமநாதன். மாலைக்கு அலைந்த மனுஷன். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து அந்தச் சிலைக்கே போர்த்தி, இப்படிப்பட்ட ஜென்மங்களால்தான் நம் சமுதாயம் உருப்படவில்லை என்று விளாசித் தள்ளினேன். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததே இல்லை.

மறுநாள் அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. மன்றச் செயலாளர் மலர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தலைவரே, அது நீங்கதான்னு தெரியாமலா பேசினீங்க?"

தன் கழுத்தைப் பக்கவாட்டில் யார் பார்க்கிறார்கள், சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் அப்படித் தெரியவில்லை. இந்த ஊருக்குத்தான் ரசனை கிடையாதே.

இருந்தாலும் பட்டறைக்குப் போய், முகத்தை மட்டும் மாற்றிவிடு என்று நயமாகத்தான் சொன்னேன். அவன் உப்புத்தாளால் அந்தக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

"மூஞ்சிய மாத்தினா யாரும் சிரிக்க மாட்டாங்க லா, அங்கிள். அடுத்த வாரம் இது சிங்கப்பூர் போகுது."

சிங்கப்பூர். என் மருமகன் வேலை செய்யும் ஊர். என் சம்பந்தி வீடு இருக்கும் ஊர்.

எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. நான் நிதானமான ஆள். அவன் மறுபடி சிலைப்பக்கம் திரும்பியதும், வாசலோரம் இருந்த பெயிண்ட் தின்னர் டின்னைக் கவிழ்த்தேன். அது உள்ளே ஓடியது. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். பிறகு வெளியே வந்து கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினேன். பின்பக்கம் வழி இல்லை. கட்டடம் என்னுடையது, எனக்குத் தெரியாதா.

சிலையை எரிப்பது மட்டும்தான் என் நோக்கம். அவன் உள்ளே இருந்தான், அவ்வளவுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். சாவி என் கையில்தான் இருந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை, காத்துக்கொண்டுதான் நின்றேன். கடைசிவரைக்கும் "அங்கிள், அங்கிள்" என்றானே தவிர, ஒரு தடவை "தலைவரே" என்று கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்.