இரு பட்டறைகள் ஈன்ற சக்கரம்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் சிவசுப்பிரமணியம் ஐயா அவர்களே! மண்ணை நம்பி வாழும் மாண்புறு பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்னையரே! இரும்பை இசைய வைக்கும் பட்டறைத் தம்பிமாரே! இரு கை கூப்பி வணங்குகிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். தொழில் வளர்ச்சி பற்றிப் பேச என்னை ஏன் மேடையேற்றினார்கள்? என் கண் கண்டதைச் சொல்லத்தான். கண்டேன், வியந்தேன், இன்னும் வியக்கிறேன்.

சென்ற வைகாசி. வெளிநாட்டுச் சாமான் வரவு நின்றிருந்த காலம். எங்கள் உடுவில் ஊர்ப் பங்குக் கிணற்றில், ஐந்து குடும்பத்துக்கும் ஒன்றாயிருந்த இறைப்பு மெசினில், தண்ணீரை உந்துகிற சக்கரம் உடைந்தது. வெங்காயமோ கிழங்கு பருக்கும் பருவம். நாலு நாளுக்கொரு தண்ணீர் வேண்டும். கையால் இறைக்கிற துலா என்கிறீர்களா? மெசின் வந்த கையோடு அதை விறகாக்கிவிட்டோமே! ஓம், சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

கொழும்புக் கடைகளில் என் வீட்டுக்காரர் ஏறி இறங்கினார். இல்லை என்ற சொல்லைத் தவிர வேறில்லை. எங்கள் குறுகிய ஒழுங்கைத் தெருவிலோ எதிரெதிரே இரண்டு பட்டறைகள். சோமசேகரம் வார்ப்பில் வல்லவர். அடைக்கலநாதன் இரும்பைச் சுழற்றிச் சீவும் கடைசலில் கெட்டிக்காரர். ஒருவர் வாசற் படலையைக் கடந்தால் மற்றவர் தன் அச்சைச் சாக்கால் மூடுவார்! இருவரிடமும் ஒவ்வொரு சக்கரம் வாங்கினோம். சோமசேகரத்தின் சக்கரம் உறுதி; ஆனால் சுழன்றபோது மெசினே ஆடியது. அடைக்கலநாதனின் சக்கரம் நேராய்ச் சுழன்றது. வார்ப்புக்குள் காற்றுக்குமிழ் இருந்ததால் அரைமணியில் வெடித்தது.

மெசின் நின்ற ஆறாம் நாள் வெங்காயத் தாள் நுனி மஞ்சளித்தது. நான் சோமசேகரத்தின் பட்டறைக்கே போனேன். உங்கள் வார்ப்பை அடைக்கலநாதன் கடையட்டும் என்றேன்.

"அக்கா, அச்சு என்ரை. வார்ப்பைக் குடுத்தா அவன் அதை மண்ணிலை பதிச்சு, நாளைக்கே தன்ரை எண்டு விப்பான்."

பொய்யான அச்சமா? இல்லை. அவர் பிள்ளைகளின் சோறு அது. ஆயினும் நான் கேட்டேன்: "தம்பி, எங்கடை பங்குக்காரர் அஞ்சு பேரும் ஒரே சந்தையிலை போட்டிக்குத்தான் விக்கினம். அதுக்காக ஆரேன் கிணத்தைத் தூர்த்தவையோ?"

அவர் துருத்தியின் பக்கம் திரும்பிவிட்டார். ஏழாம் நாளும் போயிற்று. எட்டாம் நாள் காலை, புதிதாய் வார்த்த சக்கரத்தைத் தோளில் வைத்து, ஊர் பார்க்க ஒழுங்கையைக் கடந்தார். நானும் பின்னால் போனேன்.

அடைக்கலநாதன் விடுவாரா? "என்ன அண்ணை, உங்கடை சக்கரத்துக்குத் தலை சுத்துதோ?"

"ஓம். உன்ரைக்கு நெஞ்சு வெடிச்சதாம்."

அவ்வளவுதான் சண்டை. பிறகு இருவரும் குனிந்தார்கள். கடைந்தார்கள், சுழற்றினார்கள், கனத்த பக்கத்தை உரசினார்கள், மீண்டும் சுழற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் கிணற்றடியில் பூட்டினார்கள்.

என்ன சொல்வேன்! மண்ணிலே பதிந்த அச்சு. தீயிலே உருகிய உலோகம். துருத்தி ஊதிய காற்று. அச்சுக்குள்ளே காத்திருந்த வெளி. அத்தனையும் கூடிச் சுழல, குபீரென்று எழுந்ததே நீர்! ஐம்பூதமும் ஆடும் ஐயன் கூத்தைக் கோயிலில் தொழுதிருக்கிறேன். அன்று வாய்க்கால் வரம்பிலே தொழுதேன்.

பகை தீர்ந்ததா என்கிறார் பின்வரிசை ஐயா. தீரவில்லை! மறுமாதமே அடைக்கலநாதன் அதே சக்கரத்தைத் தானும் வார்த்தார். சோமசேகரம் கொதித்தார். கொதித்தவர் என்ன செய்தார்? சக்கரத்து இதழின் வளைவை மாற்றினார். மெசின் குடிக்கும் அதே அளவு எண்ணெய்க்கு இரண்டு பாத்தி கூட நனைந்தது! அதைப் பார்த்து அடைக்கலநாதன், சுழலும் தண்டுக்குத் தேயாத புதுத் தாங்கி செய்தார். ஒருவரை ஒருவர் வெல்ல எழுந்தார்கள், வென்றது யார்? தோட்டம்! ஆனாலும் சோமசேகரத்துக்குக் கடைசல் அங்கே, அடைக்கலநாதனுக்கு வார்ப்பு இங்கே என்ற வழி அடைபடவில்லை.

பட்டறைகள் எல்லாம் தங்கள் அச்சுகளை வைத்து எடுக்கப் பொதுவாக ஓர் அச்சறை அமைக்கும் தீர்மானம் தலைவர் முன்னே கிடக்கிறது. கையெழுத்திடத் தயங்கும் தம்பிமாரே, ஒன்று மட்டும் கேளுங்கள். எங்கள் தோட்டத் தறையின் மேற்குப் பக்கத்தில் நாலு பாத்தி பிழைக்கவில்லை. தண்ணீர் ஒரு நாள் முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்கும். அவை சின்னாச்சி என்ற கைம்பெண்ணின் பங்கு. அந்த ஒரு நாள், எதிரெதிர்ப் பட்டறைகளில் இருவர் பேசாதிருந்த நாள்.

பேசுங்கள் தம்பிமாரே. பிறகு போட்டியிடுங்கள்!

பொறுமையோடு செவி தந்த உங்களுக்கு என் நன்றி. எல்லார் கிணற்றிலும் ஊற்று வற்றாதிருக்க இறைவன் அருள்க. வணக்கம்.