போன அம்மா, வந்த அம்மா

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். முன்சீட்டில் இரண்டு இங்கிலீஷ் டீச்சர்கள்.

"ஒரே மாதிரி இருக்கிற ரெண்டை எடுத்துக்கினு, ஒற்றுமை, வித்தியாசம் ரெண்டும் இங்கிலீஷ்ல எழுதுங்கடின்னேன். எல்லாம் பஸ்ஸு ரயிலுன்னு எழுதிச்சுங்க. ஒருத்தி மட்டும் அம்மா, அம்மான்னு எழுதியிருக்கா."

"ரெண்டு வேணும்னு சொல்லலியா?"

"சொன்னேன் மிஸ். 'ரெண்டுதான் மிஸ். திருவக்கரை காளி கோயிலுக்குப் போன அம்மா ஒண்ணு, திரும்பி வந்த அம்மா ஒண்ணு'ன்றா."

முண்டியம்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. எழுந்து இடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வித்தியாசம் இன்னான்னு எழுதியிருந்தா?"

"முகம், குரல், மச்சம் எல்லாம் ஒற்றுமையில போட்டுட்டா. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். போன அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதாம்."

"நெசந்தானே? ரேங்க் கார்டுல கைநாட்டுதான் வைப்பாங்க."

"அதான் அவங்கள வரச் சொன்னேன். இன்னைக்கு வந்தாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நோட்டை வாங்கி, விரல் வச்சு முழுசும் படிச்சாங்க. சிரிச்சாங்க. 'இத வேற யார்னா படிச்சாங்களா மிஸ்?'னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"இல்லன்னேன். நோட்டை எடுத்துக்கினு, பொண்ணையும் கூட்டிக்கினு போய்ட்டாங்க."