அப்பாவின் ஈரலும் மருதாயியின் கரண்டும்

பதுளையில் கிளினிக் நாளன்று முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அங்கே உட்கார வாங்குப் பலகையில் இடம் கிடைக்காது. அதனால் நானும் அப்பாவும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து நேரத்தோடே கிளம்பிவிடுவோம். ஜன்னலோர இடத்தை அவர் எனக்குத்தான் தருவார். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் என்று அவருக்குத் தெரியும். அப்பா கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் இராசையா. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. குடிக்கமாட்டார். எப்போதோ வந்த கிருமி ஒன்று ஈரலில் தங்கி, மெல்ல மெல்ல அதைத் தழும்பாக்கியிருந்தது.

நான் பௌதிகவியல் படித்தவள். அதிகம் பேசமாட்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னை ஊமைச்சி என்பார்கள். பட்டம் முடித்ததும் கொழும்பில், ஓர் ஆஸ்பத்திரியின் கதிர்ச் சிகிச்சைப் பிரிவில், பயிற்சி வேலை கிடைத்தது. எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்று கணக்கிடும் வேலை. அப்பா வேண்டாம் என்றார்.

“வயசுப் புள்ள கொழும்புல தனியா இருந்தா லயத்துல என்னா பேசுவாங்க? ஒனக்கு இங்கயே ஒரு வேல கெடைக்காமலா போயிரும்?”

சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நானும் சரிப்பா என்றேன். அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கோபம் இருந்ததில்லை.

ஸ்கேன் முடிவு வந்த அன்று, போவதற்கு முன்பே அம்மா என்னைத் தண்ணீர்ப் பீலியடிக்குக் கூப்பிட்டார். “கேன்சரா இருந்தா அப்பாகிட்ட அந்தப் பேர மட்டும் சொல்லிறாத. மனுசன் ஒடஞ்சு போயிருவாரு.” எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். நோய் யாருக்கோ, அவருக்கு மட்டும் அதன் பெயர் தெரியாது.

டொக்டருக்குத் தமிழ் வராது. அப்பாவின் சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதும், வியாதிக்குப் போதாது. அதனால் நான் நடுவில் இருந்தேன். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்றார் டொக்டர். ஒரே கட்டி, சிறியது, வேறெங்கும் பரவவில்லை. தழும்பான ஈரல் அறுவையைத் தாங்காது. ஆனால் கொழும்பில் பல திசைகளிலிருந்து கதிரைக் கட்டியின் மேல் மட்டும் குவிப்பார்கள். கத்தி இல்லை, வலி இல்லை, சில தடவை போய்வந்தால் போதும். இந்த நிலையில் கட்டியை அழித்துவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். மூச்சு விடும்போது ஈரல் மேலும் கீழும் அசையும், அதையும் கணக்கில் எடுப்பார்கள் என்றார். எனக்கு அது தெரியும். என் ஆய்வே அதைப் பற்றியதுதான்.

“என்னாவாம்?” என்றார் அப்பா.

“ஈரல்ல ஒரு கட்டியாம்ப்பா. கொழும்புக்குப் போயி கரண்ட் பிடிக்கணுமாம்.”

எங்கள் ஊரில் கதிர்ச் சிகிச்சைக்கு அதுதான் பெயர். நான் எதையும் புதிதாகச் சொல்லவில்லை.

அப்பா முகம் துடைத்த கைலேஞ்சியை மடித்தார். “கீழ் லயத்து மருதாயிக்குப் பிடிச்சாங்களே, அதா?”

“ஆமாப்பா. அதுதான்.”

மருதாயி அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் உடம்பெல்லாம் பரவியிருந்தது. கரண்ட் பிடித்தது வலியைக் குறைக்க மட்டுமே. திரும்பி வந்த அதே மாதம் இறந்துபோனார். கரண்ட் கருக்கிவிட்டது என்று லயமே சொன்னது. குளிப்பாட்டிய பெண்கள் முதுகில் கறுப்பைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். அப்பாதான் பாடை கட்டினார்.

“அப்ப வேணாம். சாகுறதுனா நம்ம வீட்டுலயே சாவுறேன்,” என்று சிரித்தார். டொக்டர் என்னைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறாராம் என்றேன். அடுத்த தடவை நான் மட்டும் போய், நாட்டு மருந்து எடுக்கிறார், வரமாட்டேன் என்கிறார் என்றேன். எப்படியாவது கூட்டி வாருங்கள் மகள் என்றார் அவர். நல்ல மனிதர்.

சவூதியிலிருந்து போனில் பேசிய அண்ணன் சேந்தன், நோயின் பெயரைக் கேட்டதும் அழுதான். குணமாகுமா என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டால் அப்படிக் கேட்பதில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அம்மா ஒருநாள் கேட்டார். “கொழும்புக்குப் போனா பொழச்சுக்குவாராடி?”

“மருதாயி அக்காவ நீங்களே பாத்தீங்கதானேம்மா,” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

ஒரு வருடம் அப்பா நன்றாகவே இருந்தார். வேலைக்குப் போனார். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சோறு வடித்தார். பக்கத்து வீட்டு ஆண்களிடம், “கரண்ட் பிடிச்சிருந்தா இன்னேரம் கரிக்கட்டையால்ல ஆயிருப்பேன்,” என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு வருடமும் வாய்ப்பு இருந்தது. ஒவ்வொரு காலையும் அவருக்கு நான்தான் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு கண் மஞ்சளானது. வயிற்றில் நீர் கோத்தது. காலிரண்டும் வீங்கின. நான்தான் உடம்பு துடைத்தேன், வாந்தி ஏந்தினேன், கஞ்சி ஊட்டினேன். எங்கும் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன். இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைக்கும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தார். “அந்தக் கரண்ட பிடிச்சிருந்தா என்னா ஆயிருக்கும்மா? நீ படிச்சவ, உள்ளதச் சொல்லு.”

“அப்பவே போயிருப்பீங்கப்பா.”

அவர் தலையாட்டினார். முகம் தெளிந்திருந்தது. “ஒன்னைய கொழும்புக்கு அனுப்பாம வச்சுக்கிட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு, பாத்தியா?”

ஆமாப்பா என்றேன். சாகப்போகிற மனிதரிடம் உண்மையைச் சொல்லி நோகடிக்க எனக்கு மனம் வராது. சின்ன வயதிலிருந்தே நான் இளகிய மனசுக்காரி.