அணுகுண்டுக்கு அப்புறம் வடை

பெஹாலாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் முதலில் வடை கொடுத்துவிட்டு, அணு ஆயுத அபாயம் பற்றி ஒரு படம் திரையிட்டார்கள். அதைப் பாதியில் கெடுத்தவன் நான். எரிந்துபோன குழந்தையின் முகம் வந்ததும் பார்க்க முடியாமல் எழுந்து, "பஸ் போயிடும்" என்று உரக்கச் சொன்னேன். கூட்டம் என் பின்னாலேயே வந்துவிட்டது.

மறுவாரம் ஹவுராவிலிருந்து வரும் படகில் முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"இனிமே அணுகுண்டுக்கு அப்புறம்தான்டா வடை."

படத்தை ஏற்பாடு செய்த ஐ.டி. பெண்ணும் அவள் நண்பனும் பேசிக்கொண்டிருந்தார்கள். குரங்குக் குல்லாய்க்குள் இருந்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"கூட மிஷ்டி ஸ்வீட்டும் வாங்கி வை. உக்காருவாங்க."

"கிண்டல் பண்ணாத. எல்லாம் அந்தப் பெரியவரால வந்தது. பஸ் போயிடுமாம்! பெஹாலால எப்படா பஸ் இல்லாம இருந்துருக்கு?"

"பயந்துட்டாரோ என்னவோ."

"பயப்படணும்னுதானடா போட்டேன்! இன்னும் ஒரே ஒரு வாட்டி. அப்பவும் எழுந்து போனாங்கன்னா நான் விட்டுடப் போறேன்."

கரையில் இறங்கும்வரை குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அடுத்த திரையிடலுக்கு, எல்லாரும் வீடு திரும்ப நானே ஒரு வேன் ஏற்பாடு செய்தேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொண்டேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த முகம் வந்தது. இம்முறை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

பின்னால் யாரோ, "வேன் போயிடும்" என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, ஒரு கூடை வடையோடு அவளும் நானும்தான் இருந்தோம்.