கரீம் பாட்சா வைத்த வேகம்

ராத்திரி ரெண்டு மணி. தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு ஆட்டோகூட இல்லை… அந்த நேரத்தில், ஒரு வீடியோ மிக்ஸிங் கடையின் மாடியில், ஒரு மேதாவி பழைய கம்ப்யூட்டர் மேல் அரை கிளாஸ் கட்டிங் சாயைக் கவிழ்த்தான்.

மேதாவி வேறு யாருமில்லை, கடையில் மிக்ஸிங் வேலை பார்க்கும் நம்ம இசக்கிதுரை. சிரிக்காதீர்கள். நானாக இருந்தால் கெட்டிலோடு கவிழ்த்திருப்பேன்.

பெட்டி கர்ர்… என்று முனக ஆரம்பித்தது. விடியும்வரை தாங்காது. அதற்குள்தான் ஆஸியாவின் கல்யாண வீடியோ இருந்தது. எடுத்தது அவள் வாப்பா கரீம் பாட்சா. கடை முதலாளி, போன மாதம்தான் மௌத்தாகி அடக்கமானார். கேமராக்காரர் படத்தில் விழமாட்டார். ஆனால் மகளோடு பேசிக்கொண்டே எடுத்த அவர் குரல் முழுக்க அதில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. காலை ரயிலில் மேலப்பாளையம் போகிறவள் கையில் அதைக் கொடுத்தாக வேண்டும்.

இசக்கிதுரை கடையின் நெட் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழைய பெட்டியையும் கடையின் புதுக் கம்ப்யூட்டரையும் ஒரே கேபிளால் நேராகக் கோத்தான். காப்பி தொடங்கியது. ஆமைக்கே கோபம் வரும் வேகம். பார்த்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டையைக் கரீம் பாட்சா திரையில் இடதோரமாகத் தள்ளி வைத்திருந்தார். ஆயுசு பூராவும் அப்படித்தான்.

இந்த மனுஷன் மாட்டுவண்டி ஓட்டப் போயிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே அதை வலதுகோடிக்கு இழுத்தான். பறந்தது… அப்புறம் டக்… டக்… டக். டிஸ்க் அடித்துக்கொண்டது. சூட்டு வாடை.

கட்டை தானாக இடதுபக்கம் நகர்ந்தது. சத்தம் நின்றது.

இழுத்தான். நகர்ந்தது. மறுபடி இழுத்தான்…

அப்ரார்தான். முதலாளி மகன். முலுண்ட் வீட்டில் படுத்துக்கொண்டே கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து நோண்டுகிறவன். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. இசக்கிதுரை போனில் அவனுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பித் தள்ளினான். நெட் வயரையே பிடுங்கிவிட்டு எப்படிக் கோத்திருக்கிறேன் தெரியுமா, உன் வாப்பாவுக்கு ஏழு ஜென்மத்துக்கும் இந்த மூளை வருமா, நீ கட்டையைத் தொடாதே…

பதிலுக்குக் கிராம்பு வாசம்தான் வந்தது. பல்வலிக்காகக் கரீம் பாட்சா எந்நேரமும் கன்னத்தில் அதக்கிக்கொண்டிருப்பாரே… அது.

கட்டையை மறுபடியும் வலதுகோடியில் வைத்து, மவுஸை அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கைக்குக் கீழே அது சில்லென்று… மெல்ல… இடதுபக்கம் இழுபட்டது. கோபக்காரன் இழுப்பதுபோல இல்லை. தூங்குகிற பிள்ளை கையிலிருந்து கத்தியை எடுப்பதுபோல.

போன் அடித்தது. அப்ரார்.

இசக்கிதுரை பாய்ந்தான், "ஏல, உண்மையச் சொல்லு. நீதான வேகத்த எறக்குத?"

"நெட் வயரப் புடுங்கியாச்சுன்னு நீங்கதான சொல்லுதிய. நான் எப்பிடிண்ணே உள்ள வர?"

இசக்கிதுரை தரையில் கிடந்த நெட் வயரைப் பார்க்க, அப்ராரே தொடர்ந்தான்.

"வேகமாப் போட்டா அந்த டிஸ்க் செத்துரும்ணே. அது வாப்பாவுக்குத் தெரியும். மவுஸ்லருந்து கைய எடுங்க."